வெளிநாட்டு வியாபாரமும் தேசத்தின் செல்வமும்: டென்மார்க் குடியானவர்களின் அனுபவம்

ஒரு தேசத்தின் செல்வம் அதன் எல்லைக்குள் விளையும் பொருள்களின் அளவை மட்டும் பொறுத்ததன்று. விளைந்தவற்றுள் எவற்றைத் தனக்கென வைத்துக்கொள்வது, எவற்றைப் பிற தேசத்தாருக்கு விற்பது, அவர்களிடமிருந்து எவற்றை வாங்குவது என்னும் மூன்று விஷயங்களில் அத்தேசத்தார் செய்யும் முடிவையும் அது பொறுத்திருக்கிறது. துறைமுகத்தில் நடக்கும் வியாபாரம் பெரிய வர்த்தகர்களைச் சேர்ந்தது என்றும், களத்து மேட்டில் நெல் அளந்ததோடு குடியானவனின் கவலை தீர்ந்தது என்றும் எண்ணுவோர் பலர். இது சரியான எண்ணமன்று. களத்திலும் மாட்டுக் கொட்டிலிலும் நடக்கும் வேலையின் தரமே கடல் கடந்த சந்தையில் விலையை நிர்ணயிக்கிறது என்பதற்கு டென்மார்க் தேசத்தின் சரித்திரம் தக்க சான்றாகும்.

டென்மார்க் தமிழ் மக்களுக்கு முற்றிலும் புதிய பெயரன்று. 1620-ம் வருஷத்தில் தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வியாபாரம் தொடங்கியவர்கள் அந்நாட்டாரே. மிளகையும் துணியையும் நாடி வந்த அவர்கள், 1845-ல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அகன்றனர். தொலைதூரக் கடற்கரையில் பிறர் விளைவித்ததையும் பிறர் நெய்ததையும் வாங்கி விற்ற அந்த வியாபாரம் நிலைக்கவில்லை. அதற்கு அடுத்த அரை நூற்றாண்டில் அதே நாட்டார் தங்கள் சொந்தக் கொட்டிலில் உண்டான வெண்ணெயைக் கொண்டு தொடங்கிய வியாபாரமோ இன்றளவும் நிலைத்திருக்கிறது. அது எவ்வாறு கைகூடிற்று என்பதே ஆராயத் தக்கது.

நாட்டின் நிலை

டென்மார்க் மிகச் சிறிய தேசம். அதன் இன்றைய பரப்பு சுமார் 43,000 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 1870-ம் வருஷ வாக்கில் அதன் ஜனத்தொகை சுமார் 18 லட்சம். இரும்பும் நிலக்கரியும் அங்கே வெட்டியெடுக்கும் அளவில் இல்லை. குளிர்காலமோ நீண்டது. மேற்குப் பகுதியாகிய ஜட்லாந்தில் பெரும்பாகம் மணலும் புதருமாகக் கிடந்த தரிசு.

இந்நிலையில் 1864-ம் வருஷத்தில் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் நேர்ந்த யுத்தத்தில் டென்மார்க் தோல்வியுற்றது. அதனால் அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நிலப்பரப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பறிபோயிற்று. இழந்த பூமிக்கு ஈடாக உள்ள பூமியைத் திருத்த வேண்டும் என்னும் எண்ணம் ஜனங்களிடையே பரவிற்று. என்ரிக்கோ டால்காஸ் என்பவரும் அவருடைய நண்பர்களும் 1866-ல் ஒரு சங்கம் அமைத்து, ஜட்லாந்துத் தரிசில் மரம் வைத்தல், நீர்ப்பாய்ச்சல், மண்ணுக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள களி இடுதல் முதலிய வேலைகளைக் குடியானவர்களைக் கொண்டே நடத்தினர். கட்டாந்தரை வயலாயிற்று. ஆனால் அந்த வயலில் எதை விளைவிப்பது என்ற கேள்வி விரைவில் எழுந்தது.

தானிய விலையின் வீழ்ச்சி

அக்காலம் வரையில் டென்மார்க் மிராசுதார்கள் கோதுமையையும் வாற்கோதுமையையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்து நல்ல லாபம் அடைந்து வந்தனர். 1870-ம் வருஷத்துக்குப் பின் நிலைமை மாறிற்று. அமெரிக்காவின் பரந்த சமவெளிகளில் ரயில் பாதைகள் போடப்பட்டன. நீராவிக் கப்பல்கள் கட்டணத்தைக் குறைத்தன. ரஷ்யாவிலிருந்தும் தானியம் வந்து குவிந்தது. ஐரோப்பாவெங்கும் தானிய விலை வீழ்ந்தது. நல்ல விலை நிலைக்கும் என நம்பி நிலத்தின் மீது கடன் பட்டிருந்தவர்களுக்கு வட்டி கட்டவும் வழியில்லாமற் போயிற்று.

இத்தகைய சமயத்தில் ஒரு தேசத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. வெளிநாட்டுத் தானியத்தின் மீது சுங்க வரி விதித்து உள்நாட்டு விலையைத் தாங்கிப் பிடிப்பது ஒன்று. 1879-ல் ஜெர்மனி இவ்வழியை மேற்கொண்டது. விற்கும் சரக்கையே மாற்றிக்கொள்வது மற்றொன்று. டென்மார்க் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. தானியத்துக்கு வரி விதிக்காமல் கதவைத் திறந்தே வைத்தது. மலிவாக வந்த தானியமும் பிண்ணாக்கும் அந்நாட்டுப் பசுக்களுக்கும் பன்றிகளுக்கும் தீவனமாயின. தன்னைக் கெடுக்க வந்த மலிவுத் தானியத்தையே மூலப்பொருளாகக் கொண்டு, அதனினும் பன்மடங்கு விலையுள்ள வெண்ணெயையும் இறைச்சியையும் செய்து விற்பது என்பதே அவர்களுடைய யுக்தி. சில வருஷங்களில் தானியம் விற்ற தேசம் தானியம் வாங்கும் தேசமாயிற்று. இதனால் தேசம் வறுமையுறவில்லை. செல்வம் பெருகவே செய்தது. இறக்குமதி என்றாலே நஷ்டம் என்று கருதுவோர் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஆலைத் தொழில் பெருகி, பட்டணங்களில் கூலி உயர்ந்து, வெண்ணெய்க்கும் உப்பிட்ட பன்றி இறைச்சிக்கும் கிராக்கி ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சந்தையை எட்டுவதற்காக ஜட்லாந்தின் மேற்குக் கரையில், சில குடிசைகளே இருந்த எஸ்பியேர்க் என்னுமிடத்தில் துறைமுகம் அமைக்க 1868-ல் சட்டம் செய்யப்பட்டது. 1874-க்குள் துறைமுகமும் அதை நாட்டோடு இணைக்கும் ரயில் பாதையும் ஏற்பட்டன.

குடியானவனின் வெண்ணெயும் அதன் குறையும்

துறைமுகம் இருந்துவிட்டால் வியாபாரம் தானே வந்துவிடாது. அந்நாளில் டென்மார்க்கிலிருந்து இரு வகை வெண்ணெய் சந்தைக்கு வந்தது. பெரும் பண்ணைகளில் செய்யப்பட்ட வெண்ணெய் ஒன்று. அங்கே பசுக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தமையால் அன்றன்று கறந்த பாலைக் கொண்டு, ஒரே முறையில், ஒரே ருசியில் வெண்ணெய் எடுக்க முடிந்தது. அதற்கு லண்டனில் நல்ல விலை. சிறு குடியானவர்களின் வீட்டு வெண்ணெய் மற்றொன்று. நான்கைந்து பசுக்களே உள்ள வீட்டில் சிறிது சிறிதாகச் சேர்த்த ஆடையைச் சில நாட்களுக்கு ஒருமுறை கடைவர். ஒரு வீட்டு வெண்ணெயில் உப்பு மிகுதி; மற்றொன்றில் புளிப்பு; வேறொன்றில் கொட்டிலின் வாடை. வியாபாரி அவை எல்லாவற்றையும் வாங்கி, ஒன்றாகப் பிசைந்து, பீப்பாயில் அடைத்து அனுப்புவான். ஆகவே சுத்தமாகச் செய்தவனும் அசுத்தமாகச் செய்தவனும் ஒரே தாழ்ந்த விலையையே பெற்றனர். நன்கு உலர்த்திய நிலக்கடலையை ஈரக் கடலையோடு ஒரே குவியலாகப் போட்டு விலை பேசும் தரகரிடம் அகப்பட்டுக்கொண்ட இந்நாட்டு விவசாயிகளுக்கு இக்குறை நன்கு விளங்கும்.

குடியானவர்கள் பாலை ஓரிடத்தில் சேர்த்து வெண்ணெய் எடுத்தாலென்ன என்று கேட்கலாம். அதற்கும் ஒரு தடை இருந்தது. அக்காலத்தில் பாலை அகன்ற பாத்திரங்களில் ஊற்றிக் குளிர்ச்சியான இடத்தில் அசையாது வைத்து, ஆடை மேலே எழும் வரை காத்திருப்பர். வண்டியில் குலுங்கி வந்த பாலில் ஆடை செவ்வையாக எழாது. இத்தடையை ஒரு யந்திரம் நீக்கிற்று. சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் டி லாவால் என்பவர் 1878-ல், பாலை வேகமாகச் சுழற்றி ஆடையை உடனுக்குடன் பிரித்தெடுக்கும் யந்திரத்தை அமைத்தார். டென்மார்க்கிலும் அவ்வகை யந்திரங்கள் அக்காலத்திலேயே தோன்றின. பல வீடுகளின் பாலும் ஒரே பாலாக ஓரிடத்தில் கடையப்பட இப்போது வழி பிறந்தது. ஆனால் அத்தகைய யந்திரத்தை எந்தத் தனிக் குடியானவனாலும் வாங்க இயலாது.

யெடிங் கிராமத்துச் சங்கம்

1882-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஜட்லாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள யெடிங் என்னும் சிற்றூரில் குடியானவர்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவு முறையில் முதல் வெண்ணெய்ச் சாலையைத் தொடங்கினர். இதனை அடியொற்றி நாடெங்கும் ஏற்பட்ட சங்கங்களின் விதிகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றின் சாரம் வருமாறு:

அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டுச் செலவுக்கு வேண்டியது போக, எஞ்சிய பால் முழுவதையும் சங்கத்துக்கே கொடுக்கவேண்டும். வெளியில் விலை ஏறிய நாளில் வெளியிலும், இறங்கிய நாளில் சங்கத்திலும் ஊற்றுவதற்கு இடமில்லை. யந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் வாங்கிய கடனுக்கு எல்லோரும் சேர்ந்து ஜவாப்தாரிகள். பாலைக் கெடுக்கக்கூடிய தீவனம் போடுதல் கூடாது. அசுத்தமான பாலுக்கும் நீர் கலந்த பாலுக்கும் அபராதம் உண்டு. ஆடை எடுத்த பாலும் மோரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போகும். லாபம், கொடுத்த பாலின் அளவுக்கேற்பப் பங்கிடப்படும். ஆனால் சங்கக் கூட்டத்தில் வாக்கு அளிக்கும்போது, நூறு மாடு உள்ளவருக்கும் ஒரு வாக்கு. இரண்டு மாடு உள்ளவருக்கும் ஒரு வாக்கு. மாட்டுத் தலையை எண்ணாமல் மனிதத் தலையை எண்ணவேண்டும் என்பது அந்நாட்டில் வழங்கிய பேச்சு.

சங்கங்கள் விரைந்து பெருகின. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அவை சுமார் ஆயிரம் இருந்தன. முதல் உலக யுத்தத்துக்கு முன்பே நாட்டிலுள்ள பசுக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவற்றின் பால் இச்சங்கங்களுக்கு வந்துகொண்டிருந்தது. பெரும் பண்ணைக்காரர்களும் தனித்து நிற்பதைவிட இவற்றில் சேர்வதே லாபம் எனக் கண்டனர்.

அளவையும் சோதனையும்

ஒற்றுமை மட்டும் இருந்து, அளவும் சோதனையும் இல்லாதிருப்பின் இச்சங்கங்கள் சச்சரவில் முடிந்திருக்கும். பாலை அளவுக்கு ஏற்ப விலை கொடுத்தால் நீர் ஊற்றுவோன் லாபமடைவான். கொழுப்பு மிகுந்த பால் தரும் பசுவை வைத்திருப்பவன் நஷ்டமடைவான். என். ஜே. பியோர்டு என்னும் பேராசிரியர் பாலிலுள்ள கொழுப்பை விரைவாகக் கண்டறியும் முறையை வகுத்துக் கொடுத்த பின், கொழுப்பின் அளவுக்கேற்ப விலை கொடுக்கும் வழக்கம் பரவிற்று. தமிழ்நாட்டுக் கிராமங்களிலுள்ள பால் உற்பத்தியாளர் சங்கங்களில் காலையிலும் மாலையிலும் கொழுப்பு முதலிய சத்துக்களைச் சோதித்து விலை போடும் முறைக்கும் அடிப்படை அதுவே.

சேகெல்கே என்னும் மற்றொரு ஆசிரியர், வெண்ணெய்ச் சாலையில் தராசும், உஷ்ணமானியும், கணக்குப் புஸ்தகமும் இல்லாமல் வேலை செய்யலாகாது என்று போதித்தார். 1895-ல் வேயன் என்னும் ஊரில் குடியானவர்கள் ஒரு புதிய வகைச் சங்கம் அமைத்தனர். அதன் உதவியாளர் வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு பசுவும் உண்ணும் தீவனம் எவ்வளவு, தரும் பால் எவ்வளவு, அப்பாலில் கொழுப்பு எவ்வளவு எனக் குறித்து வருவார். பார்வைக்கு அழகான பசு கணக்கில் நஷ்டமாக இருப்பதும், எளிய தோற்றமுள்ளது லாபம் தருவதும் இதனால் வெளிப்பட்டன. நஷ்டப் பசுக்கள் கழிக்கப்பட்டன. நல்லவற்றின் கன்றுகள் வளர்க்கப்பட்டன.

லண்டன் வியாபாரி வருஷம் முழுவதும் வெண்ணெய் கேட்டான். பழைய வழக்கப்படி பசுக்கள் வசந்த காலத்தில் கன்று ஈன்று கோடையில் மட்டுமே மிகுதியாகக் கறந்தன. டென்மார்க் குடியானவர்கள் இலையுதிர் காலத்தில் கன்று ஈனும்படி பசுக்களைச் சேர்த்து, பீட்டு முதலிய கிழங்குகளையும் பிண்ணாக்கையும் கொட்டிலிலேயே கொடுத்துக் குளிர்காலத்திலும் பால் கறந்தனர். பிறருடைய வெண்ணெய் அருகியிருந்த மாதங்களில் இவர்களுடைய சரக்கு தவறாமல் வந்தபடியால் வாடிக்கை உறுதிப்பட்டது.

பல வீட்டுப் பால் ஓரிடத்தில் கலப்பதால் ஒரு தீங்கும் நேர்ந்தது. திரும்பிவரும் ஆடை எடுத்த பால் வழியாக மாடுகளின் க்ஷயரோகம் ஒரு கொட்டிலிலிருந்து ஊர் முழுவதும் பரவிற்று. பெர்ன்ஹார்டு பாங் என்னும் கால்நடை வைத்திய நிபுணர் இதனை ஆராய்ந்து கூறியதன் பேரில், அப்பாலைக் காய்ச்சிய பின்னரே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று 1898-ல் சட்டம் ஏற்பட்டது. கூட்டு முயற்சியில் நன்மை பொதுவாவது போலவே ஆபத்தும் பொதுவாகும் என்பதை அவர்கள் காலத்தில் உணர்ந்தனர்.

ஊதுகொம்பு முத்திரை

நல்ல சரக்கைச் செய்தவன் அதனை வாங்குவோன் அறியும்படி செய்தல் வேண்டும். 1889 முதல் டென்மார்க்கில் வெண்ணெய்ச் சோதனை ஒன்று நடைபெற்றது. முன்னறிவிப்பின்றி ஒரு வெண்ணெய்ச் சாலைக்குத் தந்தி வரும். தந்தி கண்டவுடன், அன்றைய வெண்ணெயில் ஒரு பீப்பாயைத் தலைநகராகிய கோபன்ஹேகனுக்கு அனுப்பவேண்டும். அங்கே நிபுணர்கள் பார்த்தும் ருசித்தும் மதிப்பிடுவர். சோதனைக்கென்று தனியாக நல்ல வெண்ணெய் செய்து வைக்க இடமில்லாததால், எந்நாளும் நன்றாகச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

1901-ல் வெண்ணெய்ச் சாலைகள் ஒன்று சேர்ந்து, பூர்வகால வெண்கல ஊதுகொம்பின் உருவத்தைப் பொதுமுத்திரையாகப் பதிவு செய்தன. அக்கொம்புக்கு அந்நாட்டு மொழியில் லூர் என்று பெயர். 1906-ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்றுமதியாகும் டென்மார்க் வெண்ணெய் முழுவதும் அம்முத்திரை பெற்றே செல்லவேண்டும். நூற்றுக்கு 16 பங்குக்கு மேல் நீர் இருத்தலும் ஆகாது. கிழியாமல் எடுக்க இயலாத மெல்லிய காகிதம் ஒன்று வெண்ணெயின் மீது பதிக்கப்படும். அதிலுள்ள இலக்கத்தைக் கொண்டு, லண்டனில் திறக்கப்பட்ட பீப்பாய் எந்த ஊர்ச் சாலையிலிருந்து வந்தது எனக் கண்டுபிடிக்கலாம்.

இவ்விஷயத்தில் சர்க்கார் செய்த உதவியும் குறிப்பிடத்தக்கது. 1888-ல் ஹரால்டு பேபர் என்னும் விவசாய நிபுணர் லண்டனில் டென்மார்க்கின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். அங்குள்ள விலைகளையும், வாங்குவோரின் குறைகளையும் விருப்பங்களையும் தம் நாட்டுக்கு எழுதி அனுப்புவதும், வேறு வெண்ணெயை டென்மார்க் வெண்ணெய் என்று சொல்லி விற்போரைத் தடுக்க முயல்வதும் அவருடைய வேலைகள். சர்க்கார் தானே வெண்ணெய் விற்கவில்லை. ஆராய்ச்சி, சோதனை, சட்டம், செய்தி ஆகிய நான்கையும் அளித்து, வியாபாரத்தைக் குடியானவர்களிடமே விட்டது.

பன்றியும் முட்டையும்

பன்றி வளர்ப்பு இந்நாட்டில் பலருக்கு உவப்பான தொழிலன்று. ஆயினும் டென்மார்க்கார் அதில் கையாண்ட முறை எச்சரக்குக்கும் பொருந்துவது. முன்னர் அவர்கள் பன்றிகளை உயிரோடு ஜெர்மனிக்கு விற்றுவந்தனர். நோய் பரவுவதைக் காரணமாகக் காட்டி ஜெர்மனி 1887-ல் அந்த இறக்குமதியை நிறுத்திவிட்டது. அதே வருஷத்தில் ஹார்சென்ஸ் நகரில் குடியானவர்களின் முதல் கூட்டுறவு இறைச்சிச் சாலை ஏற்பட்டு, உப்பிட்ட இறைச்சி இங்கிலாந்துக்குப் போகத் தொடங்கிற்று. ஆங்கிலேயர் கொழுப்புக் குறைந்து நீண்ட உடலுள்ள பன்றியின் இறைச்சியையே விரும்பினர். ஆகையால் 1896 முதல் இனவிருத்தி நிலையங்களும், 1907 முதல் எந்தத் தாய் தந்தையின் குட்டிகள் குறைந்த தீவனத்தில் நல்ல இறைச்சி தருகின்றன எனச் சோதிக்கும் நிலையமும் அமைத்தனர். வெண்ணெய்ச் சாலையிலிருந்து திரும்பிய ஆடை எடுத்த பாலும் மோரும் இப்பன்றிகளுக்கு உணவாயின.

முட்டை வியாபாரத்திலும் இதே வழி பின்பற்றப்பட்டது. 1895-ல் ஏற்பட்ட கூட்டுறவு முட்டை ஏற்றுமதிச் சங்கத்தில் ஒவ்வொரு முட்டையின் மீதும் ஊர்ச் சங்கத்தின் இலக்கமும் அங்கத்தினரின் இலக்கமும் பதிக்கப்பட்டன. கெட்ட முட்டை அனுப்பியவர் யார் என்பது தெரியவந்தது, அபராதமும் விதிக்கப்பட்டது. நாலைந்து கோழி வளர்க்கும் ஏழைக் குடும்பமும் தன் பெயரைக் காத்துக்கொள்ள வேண்டிய வர்த்தகன் ஆயிற்று.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்குச் சாதாரணக் குடியானவர்கள் எவ்வாறு இசைந்தனர் என்றால், கல்வியே காரணம் எனப் பலரும் கூறுவர். கிருண்ட்விக் என்னும் பெரியாரின் கொள்கைப்படி, முதலாவது ஜனக் கல்விச்சாலை 1844-ல் ரோடிங் என்னும் ஊரில் நிறுவப்பட்டது. பின்னர் நாடெங்கும் ஏற்பட்ட இத்தகைய சாலைகளில் கிராமத்து வாலிபர்கள் குளிர்கால மாதங்களில் தங்கிச் சரித்திரமும், தாய்மொழியும், பொதுக் காரியங்களில் பேசிப் பழகும் முறையும் கற்றனர். அங்கே பரீட்சை இல்லை, பட்டமும் இல்லை.

தேசம் அடைந்த பயன்

1881-ல் டென்மார்க்கில் சுமார் 9 லட்சம் பசுக்கள் இருந்தன. 1914-ல் அவை 13 லட்சமாயின. பசு ஒன்றுக்குக் கிடைத்த பாலும் மிகுந்தது. அதே காலத்தில் பன்றிகள் 5 லட்சத்திலிருந்து 25 லட்சமாகப் பெருகின. இங்கிலாந்தின் வெண்ணெய்ச் சந்தையில் டென்மார்க்குக்கு முதலிடம் கிடைத்தது.

இப்பணம் குடியானவன் வீட்டோடு நிற்கவில்லை. ஏற்றுமதியால் வந்த செலாவணியைக் கொண்டே தேசம் தன்னிடமில்லாத நிலக்கரியையும், இரும்பையும், உரத்தையும், பிண்ணாக்கையும் வாங்கிற்று. பால் யந்திரங்கள் செய்யும் பட்டறைகளும், கப்பல் கட்டும் துறைகளும் வளர்ந்தன. கிராமத்தில் பணப்புழக்கம் ஏற்பட்டதால் தச்சனுக்கும், கொல்லனுக்கும், கடைக்காரனுக்கும் வேலை பெருகிற்று. வரி செலுத்தும் சக்தி ஜனங்களுக்கு உண்டானபடியால் பள்ளிக்கூடத்துக்கும் பாதைக்கும் சர்க்காருக்குப் பணம் கிடைத்தது. நிலமற்ற கூலியாட்கள் சிறு நிலம் வாங்குவதற்குச் சர்க்கார் கடன் அளிக்கும் சட்டமும் 1899-ல் நிறைவேறிற்று.

ஒரே வாடிக்கையை நம்புவதன் ஆபத்து

வெளிநாட்டு வியாபாரத்தின் நன்மையைக் கூறுவோர் அதன் அபாயத்தை மறைத்தலாகாது. 1917-ல் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களின் தாக்குதலாலும் நேச நாடுகளின் தடைகளாலும் வெளித் தீவனம் வருவது நின்றது. மிக்கேல் ஹிண்டெடே என்னும் வைத்தியரின் யோசனைப்படி, பன்றிக்குப் போட்டுவந்த தானியம் மனிதரின் ரொட்டிக்குத் திருப்பப்பட்டது. பன்றிகளின் தொகை மிகக் குறைக்கப்பட்டது. ஜனங்கள் பட்டினியிலிருந்து தப்பினர். ஆனால் பல வருஷ உழைப்பால் வளர்த்த மந்தைகள் குலைந்தன.

அதனினும் கடுமையான சோதனை 1930-க்குப் பின் வந்தது. டென்மார்க்கின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பிரிட்டன் ஒன்றே வாங்கி வந்தது. 1932-ல் ஒட்டாவா நகரில் கூடிய மகாநாட்டில், தன் சாம்ராஜ்யத்து நாடுகளின் சரக்குக்கே சலுகை என்று பிரிட்டன் முடிவு செய்தது. நியூஸீலாந்து முதலிய நாடுகளின் வெண்ணெய்க்கு வழி திறந்தது. டென்மார்க் சரக்குக்கு வழி சுருங்கிற்று. 1933 ஜனவரியில் டென்மார்க் கட்சிகள் கூடிப் பேசி நாணயத்தின் மதிப்பைக் குறைத்தன. விலைபோகாத மாடுகளைச் சர்க்காரே வாங்கி அழிக்கவும் நேர்ந்தது. பிரிட்டனுடன் செய்துகொண்ட புதிய ஒப்பந்தத்தில், அந்நாட்டு நிலக்கரியை மிகுதியாக வாங்குவதாக ஏற்றுக்கொண்டே டென்மார்க் தன் சரக்குக்கு இடம் தேடவேண்டியதாயிற்று. மேலும் 1940 முதல் 1945 வரை ஜெர்மானியர் நாட்டைக் கைப்பற்றியிருந்தபோது பிரிட்டிஷ் சந்தை அடியோடு அடைபட்டது.

இவ்வனுபவங்களால் அத்தேசம் இரண்டு விஷயங்களைக் கற்றது. முதலாவது, ஒரே சரக்கையும் ஒரே சந்தையையும் நம்பியிருத்தலாகாது. யுத்தத்துக்குப் பின் கைத்தொழில்கள் பெருகி, 1960-களில் ஆலைப் பொருள்களின் ஏற்றுமதி விவசாய ஏற்றுமதியை மிஞ்சிற்று. இரண்டாவது, சிறு தேசம் தனித்து நிற்றல் கடினம். பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் 1973-ல் சேர்ந்தபோது டென்மார்க்கும் உடன் சேர்ந்து, பிரிட்டிஷ் சந்தையையும் ஜெர்மானியச் சந்தையையும் ஒருங்கே காத்துக்கொண்டது.

மூன்றாவதாக மற்றொரு பாடமும் பிற்காலத்தில் வந்தது. கால்நடையும் உரமும் அளவு கடந்து பெருகியதால் வயல்களிலிருந்து வடிந்த நைட்ரஜன் சத்து கடல்நீரைக் கெடுத்தது. 1986-ல் கட்டெகாட் கடலில் கடல்வாழ் பிராணிகள் மடிந்து கிடந்த செய்தி ஜனங்களைக் கலக்கிற்று. அடுத்த வருஷமே எருவையும் உரத்தையும் கட்டுப்படுத்தும் திட்டம் சட்டசபையில் நிறைவேறிற்று. வெளிநாட்டாருக்கு விற்ற சரக்கின் கணக்கில், சொந்த மண்ணும் நீரும் அடைந்த சேதத்தையும் செலவாக எழுதவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இந்நாட்டு விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

டென்மார்க்கின் சீதோஷ்ணமும், பயிரும், பழக்கங்களும் வேறு; தமிழ்நாட்டினுடையவை வேறு. அங்கே செய்ததை இங்கே அப்படியே செய்ய இயலாது, செய்யவும் வேண்டுவதில்லை. ஆயினும் தரமும் முத்திரையும் பற்றிய பாடம் எந்நாட்டுக்கும் பொது. இந்தியாவில் 1937-ம் வருஷத்திலேயே விளைபொருள்களைத் தரம் பிரித்து முத்திரையிடுவதற்கான சட்டம் ஏற்பட்டது. நெய், தேன், மசாலைப் பொடிகள் முதலியவற்றின் மீது காணப்படும் அக்மார்க் முத்திரை அச்சட்டத்தின் பயனே. குஜராத்தின் கேடா ஜில்லாவில் 1946-ல் தொடங்கிய பால் கூட்டுறவு, சிறு குடியானவர்களும் ஒன்றுபட்டுப் பெரிய சந்தையைப் பிடிக்கலாம் என்பதை இந்நாட்டிலேயே காட்டியிருக்கிறது.

நிலக்கடலையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் இறந்ததன் காரணத்தை ஆராய்ந்தபோது, பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளாடாக்ஸின் என்னும் விஷம் இருப்பது வெளிப்பட்டது. அதன் பின் வாங்கும் தேசங்கள் அதற்கு அளவு விதித்து, சோதித்த பின்னரே கடலையை ஏற்கின்றன. துறைமுகத்தில் திருப்பி அனுப்பப்படும் கடலையின் குற்றம் பெரும்பாலும் துறைமுகத்தில் உண்டானதன்று. பிடுங்கிய செடியை ஈரத்தோடு குவித்து வைத்தது, குலுக்கினால் உள்ளே பருப்பு ஓசையிடும் வரை காய்களைக் காயவைக்காதது, உடைப்பதற்கு எளிது என்று காய்ந்த காய்மீது தண்ணீர் தெளித்தது, சொத்தையைப் பொறுக்காமல் மூட்டை கட்டியது ஆகிய காரியங்களில் ஒன்றே அதற்குக் காரணமாக இருக்கும். ஒரு மூட்டையின் பூஞ்சணத்தால் ஒரு கப்பலின் சரக்கே மதிப்பிழக்கும்; அதனால் விழும் விலையைச் சுத்தமாக உலர்த்திய அடுத்த வீட்டுக்காரரும் சுமக்க நேரிடும்.

ஆகவே ஊருக்கு ஊர் பொது உலர்களமும், ஈரம் பார்க்கும் கருவியும், தரம் பிரித்து விற்கும் சங்கமும் ஏற்பட வேண்டியது அவசியம். மிராசுதார்கள் தங்கள் சரக்கைத் தனியே நல்ல விலைக்கு விற்றுக்கொள்ள வல்லவர்களாயினும், அச்சங்கங்களில் முன்னின்று சேரவேண்டும். அவர்கள் விலகி நின்றால் சிறு விவசாயிகளின் சரக்குக்கு அளவும் பெயரும் உண்டாகா. கிராம அதிகாரிகள் இத்தகைய களங்களுக்கு ஏற்ற இடத்தைக் காட்டிக் கொடுப்பதும், சங்கத்தின் விதிகளை எல்லோருக்கும் விளங்கப் படித்துக் காட்டுவதும் பெரிய உதவியாகும். வருகிற அறுவடைக்குள் ஓர் ஊரில் பத்துப் பேர் கூடி, ஈரக் கடலையைச் சந்தைக்கு அனுப்புவதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்டாலும், அது நல்ல தொடக்கமேயாகும்.